ஊசியை மட்டும் மாற்றுவதா, கார்ட்ரிட்ஜையே மாற்றுவதா?

குன்னூரில் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் இருநூறுக்கு மேல். பாதி கச்சேரி, மீதி பழைய சினிமாப் பாட்டு. டர்ன்டேபிளில் இருக்கும் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி செருகியிருக்கும் சின்னப் பெட்டி, ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ, நாலு வருஷமாக தினமும் ஓடுகிறது. தட்டின் ஓரத்தில் பாட்டு சுத்தமாக இருக்கிறது, லேபிளை நெருங்க நெருங்க ‘ஸ’ எல்லாம் சீறுகிறது. ஊசி அழுத்தம் 2 கிராம், சின்னத் தராசில் வைத்துப் பார்த்தாயிற்று. தேய்மானமாகத்தான் இருக்கும்.

இதே கார்ட்ரிட்ஜில், நுனி இன்னும் நுணுக்கமாகச் செதுக்கிய மைக்ரோலைன் ஊசியை அப்படியே செருகிக்கொள்ளலாம். அது போதுமா, இல்லை ஆர்டோஃபோன் 2எம் ப்ளூ கார்ட்ரிட்ஜுக்குத் தாவலாமா? மூவிங் காயில் வகை கார்ட்ரிட்ஜ் வேண்டாம். அதன் சிக்னல் ரொம்பக் குறைவு, அந்தச் சிக்னலைப் பெருக்கும் என் போனோ ஆம்ப், இப்போது இருப்பதைப் போன்ற மூவிங் மேக்னட் வகைக்கு மட்டும்தான்.

அப்புறம் இந்த ஊர் ஈரம். மழை மாதங்களில் அட்டை, தட்டு எல்லாம் பூஞ்சை. வெல்வெட் பிரஷால் துடைத்துப் போட்டாலும், ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசி நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு திரண்டுவிடுகிறது. இதில் புது ஊசியை இறக்கவே பயம். தட்டுகளை எப்படிக் கழுவுகிறீர்கள்? பழைய தட்டுகளில் மைக்ரோலைன் போட்டுக் கேட்டவர்கள் சொல்லுங்களேன். கோவைப் பக்கம் அலைன்மென்ட் (கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று) பார்த்துத் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள், ஒரு நாள் மலையிறங்கி வந்துவிடுகிறேன்.