பாபநாசம் பக்கம் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஊரில் அம்மாதான் தனியாகப் பார்க்கிறார். நான் இருப்பது திருப்பூரில்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வர வேண்டும். மாத்திரை ஒழுங்காக வருகிறது, கொண்டுவரும் அக்காவைக் குறை சொல்லவே மாட்டேன். பிசியோதெரபிக்குப் பெயர் எழுதிக்கொண்டு போனதோடு சரி. இதற்குள் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் படுக்கைப்புண். யூரின் டியூப் மாற்ற ஒவ்வொரு தடவையும் கார் பிடித்துத் தஞ்சாவூர் போகிறோம். நடவு நேரம், தூக்க ஆள் கிடைப்பதில்லை. போன வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அம்மாவும் கார் டிரைவரும்தான் தூக்கியிருக்கிறார்கள்.

பிசியோதெரபிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பிடிக்க வேண்டும்? கிராம சுகாதார செவிலியரா, டாக்டரையே பார்ப்பதா? 104 மருத்துவ உதவி எண்ணில் சொல்லி யாருக்காவது காரியம் நடந்ததா? அப்புறம், டியூப் மாற்ற வீட்டுக்கு வரும் நர்ஸ், பகல் துணைக்கு ஓர் ஆள், வாடகைக்குக் காற்றுப் படுக்கை: கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் எது தெரிந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.