முதற்பால் இல்லாத மீனாணம்: அம்மாவுக்கு நான் செய்தது பிழையா?

ஆரையம்பதி மகன்:
அம்மாவுக்கு 63 வயது. போன மாதம் கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது, சுகரும் எல்லையில் நிற்கிறது என்றார்கள். அன்றிலிருந்து குசினி என் பொறுப்பு. ஆணத்துக்கு (குழம்புக்கு) விடுகிற முதற்பாலை, அதாவது தேங்காயை முதலில் பிழிந்தெடுக்கிற கெட்டிப்பாலை, அடியோடு நிறுத்தினேன். மீனை மஞ்சள், புளி, உப்புப் போட்டுத் தண்ணீரில் அவித்தேன். முருங்கையிலைச் சுண்டலுக்குத் துருவின தேங்காய்ப்பூக்கூடப் போடவில்லை. பத்து நாள் அம்மா வாய் திறக்காமல் சாப்பிட்டார். பதினோராம் நாள் தேடிப்போனால், பின்வளவால் மாமி வீட்டுக்குப் போய்க் குந்தியிருந்து, பாலாணத்தில் பிட்டைக் குழைத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கையை ஒளித்தார். மாமி என்னைத்தான் ஏசினார். இனி என்ன செய்ய?

காத்தான்குடி ராத்தா:
மாமி ஏசினது சரிதான் தம்பி. தண்ணியில் அவித்த மீனைப் பூனைக்கு வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். எங்கள் உம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, இன்றைக்கும் முதற்பால் விட்ட ஆணம்தான். தேங்காய் அந்தக் காலத்திலும் இருந்தது. இந்தச் சுகரும் பிரஷரும்தான் புதிது.

வெள்ளைச் சட்டை (கல்முனை):
ராத்தா, நான் தாதி. இந்தக் கதையை வாரத்தில் நாலு தரம் கேட்கிறேன். உங்கள் உம்மா அந்த வயதுவரைக்கும் நடந்த நடை எவ்வளவு, உரலில் இடித்தது எவ்வளவு? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுவது அதுதான். ஒரு நாள் சக்தியில் பத்து வீதத்துக்குள் அதை வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம் வரும். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 20 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பங்கு இந்த வகைதான்.

காத்தான்குடி ராத்தா:
ஆர் கா ஒரு வேளைக்கு 100 மில்லி ஆணம் குடிக்கிறது? ஒரு தேங்காயின் பால் எங்கள் வீட்டில் ஆறு பேருக்குப் பிரிகிறது. தேங்காய் 200 ரூபாய் தாண்டின நேரம் எல்லோர் வீட்டிலும் பால் தானாகவே தண்ணியாகிவிட்டது, அது வேறு கதை. நீங்கள் சோற்றைப் பாருங்கள் பிள்ளை. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கின கீரிச்சம்பாவை மலைபோலக் குவித்துவிட்டு, ஓரத்தில் கிடக்கிற ஆணத்தைக் குற்றவாளியாக்குகிறீர்கள்.

தம்பிலுவில் வயற்காரன்:
சோற்று விசயத்தில் நான் ராத்தா பக்கம். நாங்கள் விளைவிக்கிறது சிவப்பு நெல். மில்லுக்குப் போய்த் திரும்பும்போது தவிடு மாட்டுக்கு, வெள்ளை மனிசருக்கு. சத்து எது என்று மாட்டைக் கேட்டால் சொல்லும். நெல்லை ஊறப்போட்டு அவித்துக் காயவைத்துக் குத்தினால் தவிட்டில் இருக்கிற பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால்தான் புழுங்கலரிசி.

இன்னொன்று. 2015இல் கொழும்பில் இரசாயனம் படித்த ஒரு மாணவர், அரிசி வேகும்போது தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டு, சோற்றைப் 12 மணித்தியாலம் குளிரவைத்தால் செரிக்காத மாச்சத்துக் கூடுகிறது என்று அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் காட்டினார். நம்முடைய பழஞ்சோறு! இராத்திரி தண்ணீர் விட்டு, காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு, ஒரு கை தயிரோடு.

வெள்ளைச் சட்டை (கல்முனை):
அண்ணன், அது ஆய்வுகூடத்தில் பார்த்தது, சுகர்காரருக்குக் கொடுத்துப் பார்த்தது இல்லை. குளிர்ந்தால் அந்த மாச்சத்துக் கூடுவது உண்மை. அதற்காக மூன்று கோப்பை பழஞ்சோறு சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். சோறு குறைய வேண்டும் என்பதில் எனக்கும் ராத்தாவுக்கும் சண்டை இல்லை.

தம்பி, நீங்கள் உப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பால் இல்லாத குறையை உப்பாலும் புளியாலும் நிரப்பியிருப்பீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு சிறிய தேக்கரண்டி, அவ்வளவுதான். கருவாடும் ஊறுகாயும் இந்தக் கணக்குக்குள்தான்.

ஆரையம்பதி மகன்:
பிடிபட்டுவிட்டேன். உப்புக் கூடத்தான் போட்டேன்.

வாவிக்கரை மச்சாள்:
சண்டை முடிந்ததா? இனி சமையல். நிறுத்தவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். தேங்காய்ப்பூவை மூன்று தரம் பிழியுங்கள், முதற்பால் தனியே இருக்கட்டும். சட்டியில் எண்ணெய் இல்லாமல் வெந்தயத்தையும் பெருஞ்சீரகத்தையும் வாசம் வரும்வரை வறுத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு இரம்பை இலை போட்டு மூன்றாம் பாலில் மீனை அவியுங்கள். மாங்காய்க் காலமென்றால் இரண்டு கீற்று. புளிப்பு இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது. கூனி இறாலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெறுஞ்சட்டியில் வறுத்து இடித்த பொடி அரைக் கரண்டி. அதுதான் ஆணத்தின் உயிர். மறுகா அடுப்பை அணையுங்கள். கொதி அடங்கினதும் முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி, கடைசியில் தேசிக்காய். கடைசியாக விட்ட பாலின் வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும். கொதிக்கிற சட்டியில் அரை லீற்றர் விட்டால் அது திரைந்து எண்ணெயாகி மேலே மிதக்கும், ருசியும் இல்லை.

காத்தான்குடி ராத்தா:
இரண்டு மேசைக்கரண்டியா! அது பாலாணம் இல்லை மச்சாள், பாலைக் கண்ட ஆணம்.

வெள்ளைச் சட்டை (கல்முனை):
எனக்கு அது போதும்.

ஆரையம்பதி மகன்:
நேற்று மச்சாள் சொன்னபடியே செய்தேன், ஒட்டி மீனில். சோறு ஒரு அகப்பை, மிச்சக் கோப்பை நிறைய முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி. அம்மா சட்டியை வழித்தார். மாமி வீட்டுப் பக்கம் போகவில்லை. மிஞ்சின முதற்பாலைக் கிண்ணத்தில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.