மறுமொழி: உத்திரத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை அடைப்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை மாணவர்களுக்கான பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது, உத்திரத்துக்கும் (கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்) ஜிப்சம் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைப்பதற்கு நான் கேட்ட சொல் இன்னும் முடிவாகவில்லை. 'பட்டி பார்த்தல்' (வண்ணமடிக்கும் முன் சுவரில் மாவு பூசி நிரவுவது) என்றே எழுதிவிடலாமே என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சிக்கலே அங்கேதான். ஏற்காட்டில் என் அக்கா வீட்டில் பட்டிதான் பார்த்தார்கள். 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் மூடுபனி; மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், பட்டி இரண்டுக்கும் அசையாது. மாசி வெயில் வந்ததும் உத்திரத்தின் ஓரம் முழுக்க மயிரிழைக் கீறல். ஏணியில் ஏறி ஊதுவத்தியைக் காட்டினேன், நேராக எழுந்த புகை கீறலருகே போனதும் கலைந்து என் முகத்தில் அடித்தது.

அங்கே நிரப்ப வேண்டியது நெகிழ்ந்து கொடுக்கும் அக்ரிலிக் பசை. இடுக்கு அகலமாக இருந்தால், அதைவிடச் சற்றே தடித்த நுரைக்கயிற்றை முதலில் உள்ளே திணித்து, அதன்மேல் பசை. பசை இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் மரம் அசையும்போது கிழிந்துவிடும். 'பட்டி' என்று படித்த மாணவன் பட்டியைத்தான் அப்புவான், அதனால்தான் தனிச்சொல் கேட்கிறேன்.

'கலப்பற்று' எனக்கும் பிடித்த சொல். கப்பல் பலகை இடுக்கில் நாரைத் திணித்துக் கீல் (தார்) பூசுகிற வேலை, நம் நுரைக்கயிறும் பசையும் அதே முறைதான். ஆனால் அது கலம் + பற்று என்று ஒருவர், இல்லை, போர்த்துக்கீசிய 'கலஃபாத்தே' என்று இன்னொருவர், இதிலேயே மூன்று நாள் ஓடிவிட்டது. போர்த்துக்கீசியம் என்பதுதான் சரி என்று நினைக்கிறேன், அதற்காகத் தள்ள வேண்டியதும் இல்லை. சாவியும் சன்னலும் அலமாரியும் அப்படி வந்தவைதானே. நான் தயங்குவது வேறு காரணத்துக்கு: கடலை அறியாத சேலத்துப் பையன் காதில் அது 'கலப்படம்' போல விழுகிறது.

அப்புறம் 'புரைதீர்ப்பு'. புரை என்றால் இங்கே இடுக்கு. நெடுநல்வாடையில் கதவைச் சொல்லும் இடத்தில் 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரை தீர்ந்து' என்று வருவதை எடுத்துக் காட்டினீர்கள், ஐயா. வாடைக்காற்றைப் பாடும் பாட்டிலேயே இடுக்கில்லாமல் கதவைப் பொருத்திய தச்சன் இருக்கிறான் என்பதைப் படித்து அன்று இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வகுப்பில் 'புரை' என்றால் என்ன என்று கேட்டபோது, கண்புரை என்றார்கள், ஒருவன் மட்டும் சோறு புரையேறுவது என்றான்.

மிச்சமிருக்கும் சொல் 'இடுக்கடைப்பு'. அதைக் கேட்டால் சாக்கடை அடைப்பு நினைவுக்கு வருகிறது என்ற குறை நியாயம்தான். இருந்தாலும் ஓட்டையை அடை, பொந்தை அடை என்றுதானே வீட்டில் சொல்கிறோம். வேலைக்கு இடுக்கடைப்பு, பொருளுக்கு நெகிழ்பசை. அசைந்து கொடுக்க வேண்டும் என்பதைப் பின்னது சொல்லிவிடும். கடையில் கேட்க வேண்டியது 'சீலண்ட்' என்பதையும் பக்கத்திலேயே போடுகிறேன்.

இதுவரை ஆறு பேர் இடுக்கடைப்புக்கு, மூன்று பேர் கலப்பற்றுக்கு. புரைதீர்ப்பை விடமாட்டேன் என்று ஐயா இன்று காலையும் எழுதியிருக்கிறார். அருஞ்சொல் பட்டியலில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன். உத்திரமா, விட்டமா, தூலமா என்ற கேள்வியை யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக் கொடுங்கள்.