டேப் உரித்தால் கோடு பிசிறுகிறது, சாம்பல் பரப்பு திட்டுத் திட்டாகத் தெரிகிறது. என்ன செய்ய?

நீலப்பட்டை:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 60க்கு 80 செ.மீ. கேன்வாஸ், அக்ரிலிக். படத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. முழுக்க வெளிர் சாம்பல், கீழே குறுக்காக ஒரு நீலப் பட்டை, அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று உட்கார்ந்தவன் நான்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் நீலம் அடித்தேன். மறுநாள் உரித்தால், நீலம் டேப்புக்கு அடியில் புகுந்து ரம்பப் பல் மாதிரி நிற்கிறது. இரண்டு இடத்தில் நீலமே தோலாக டேப்போடு வந்துவிட்டது. சாம்பல் பரப்பு நேராகப் பார்த்தால் சரி. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பிரஷ் போன தடமெல்லாம் தெரிகிறது. ஓரிடம் பளபளப்பு, ஓரிடம் மங்கல். தண்ணீர் தாராளமாகக் கலந்து நாலு கோட் அடித்தாயிற்று. கேன்வாஸ் வெள்ளை பூசியே வந்தது. அதற்கு மேல் நான் எதுவும் பூசவில்லை.

மூன்றாம்கோட்:
பட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தப்பு டேப்பில் இல்லை, துணியில். நெசவு மேடும் பள்ளமுமாக இருக்கும். டேப் மேட்டில்தான் ஒட்டும். பள்ளங்கள் அப்படியே குட்டி வாய்க்கால்கள். நகம் தேயத் தேய்த்தாலும் அவை மூடாது. நீலத்தை நீர்க்கக் கரைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

புகுவதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், எது புக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். டேப் ஒட்டியதும் அடியில் இருக்கும் அதே சாம்பலை அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு இழுப்பு இழுங்கள். சாம்பல் புகுந்து வாய்க்காலை அடைத்துவிடும். சாம்பல் மேல் சாம்பல், யாருக்குத் தெரியப்போகிறது? அது காய்ந்த பிறகு நீலம். சாம்பல் மீதி இல்லை என்றால் நிறமில்லாத மேட் மீடியம் (அக்ரிலிக்கில் கலக்கும், பளபளக்காத பசை) போதும்.

அப்புறம், மறுநாள் வரை ஏன் காத்திருந்தீர்கள்? அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். டேப் மேலும் கேன்வாஸ் மேலும் ஒரே தோலாகப் படர்ந்துவிடும், இழுத்தால் சேர்ந்துதான் வரும். கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே, டேப்பை அதன் மேலேயே மடக்குவது போலத் தாழ்வாகப் பிடித்து, மெதுவாக உரியுங்கள்.

அவசரக்காரன்:
பேசாமல் எண்ணெய் வண்ணத்துக்கு மாறிவிடுங்கள். மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடத்தை நிதானமாக அடக்கலாம்.

வெற்றுச்சுவர்:
மாறலாம், காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். ஆனால் அது காய்ந்து டேப் தாங்கும் நிலைக்கு வருவதற்கு நாட்கணக்கில், சில நிறங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். தவிர எண்ணெய்க்கு மேல் திரும்ப அக்ரிலிக் அடிக்க முடியாது, உரிந்துவிடும். இவர் கேட்பது அதுவும் இல்லை.

திட்டுக்குக் காரணம் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். அளவு மீறினால் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை நீர்த்துப்போய், படலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் காயும். நாலு கோட் அடித்தாலும் நாலும் அப்படித்தான். தண்ணீரைக் குறைத்து, அதற்கென்றே உள்ள மீடியத்தில் இளக்குங்கள்.

முன்பே பூசி வரும் வெள்ளையை நான் நம்புவதில்லை. அடுத்த கேன்வாஸில் கெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு மூன்று கோட், ஒன்று நெட்டுவாக்கில் என்றால் அடுத்தது குறுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 320ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள் (முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்தத் தூள் நல்லதல்ல). உள்ளங்கையை வைத்துத் தடவினால் நெசவு தட்டுப்படக் கூடாது. டேப் பிரச்சினையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

சாம்பலை ஒரே தடவையில், தேவைக்கு மேலேயே கலந்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரமாக இருக்கும்போது பசை பால் மாதிரி இருப்பதால் நிறம் வெளுப்பாகத் தெரியும், காய்ந்ததும் ஒரு படி கருக்கும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே சாம்பல் சத்தியமாக வராது. அகலமான மென்மையான பிரஷ், அல்லது நுரை ரோலர். ஈர ஓரத்தை விடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தைச் சரிசெய்யத் திரும்பிப் போனீர்களோ, போச்சு. பளபளப்பு வித்தியாசம் மட்டும் மிஞ்சினால் கடைசியில் மேட் வார்னிஷ் அதைச் சமன்செய்யும். தடத்தை அது மறைக்காது.

பழையபிரஷ்:
பிசிறு அவ்வளவு பெரிய குற்றமா? 1948இல் அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் கருஞ்சிவப்புப் பரப்பின் நடுவே நெட்டுக்குத்தாக டேப் ஒட்டி, அதன் மேலேயே வெளிர்ச் சிவப்பைத் தடவினார். பிறகு டேப்பை உரிக்கவே இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதுதான் படம் என்று விட்டுவிட்டார். 1959இல் இன்னொரு அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா கறுப்புப் பட்டைகளை அடித்ததுகூட டேப் இல்லாமல், வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் பிரஷால்தான். கிட்டே போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் லேசாக ஆடும்.

நீலப்பட்டை:
அவர்கள் வேண்டுமென்று விட்டார்கள், எனக்கு அது தானாக நேர்ந்தது. எனக்கு வேண்டியது கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. இப்போதைய கேன்வாஸைக் காப்பாற்ற முடியுமா?

மூன்றாம்கோட்:
முடியும். சில நாள் நன்றாகக் காயவிட்டு, 400 நீர் உப்புத்தாளை லேசாக நனைத்துப் பட்டையின் ஓரத்தைத் தேயுங்கள். வெறுமனே தேய்த்தால் சூட்டில் அக்ரிலிக் பிசுபிசுத்துத் தாளை அடைக்கும். தேய்க்கும் இடத்தில் பின்பக்கம் ஓர் அட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் கேன்வாஸ் அமுங்கிச் சட்டத்தின் விளிம்பு கோடாக விழும். மேடு போனதும் முழுப் பரப்புக்கும் புதிதாகச் சாம்பல். ஒட்டுப் போட்டால் தெரியும்.

நீலப்பட்டை:
நீங்கள் சொன்னபடியே மறுபடி அடித்து, இன்று டேப்பை உரித்தேன். மேல் ஓரம் முழுக்கச் சுத்தம். கீழ் ஓரத்தில், இடது மூலையிலிருந்து நாலு விரல் தள்ளி, எள்ளளவு ஒரு பல். அந்த இடத்தில் சாம்பலை இழுக்க விட்டுப்போயிருக்கிறது. சாம்பல் டப்பாவில் இன்னும் இருக்கிறது, நாளைக்கு மெல்லிய பிரஷால் தொட்டுவிடுகிறேன்.