நவம்பர்ல மான் வேட்டைக்குக் கூட போறேன், லெதர் மிட்டன் எது வாங்கலாம், திரும்பி வந்து எப்படிக் காப்பாத்துறது?

செங்காங் ரவி:
வணக்கம் எல்லாருக்கும். நவம்பர்ல ரெண்டு வாரம் கனடா போறேன், சஸ்காட்சுவான்ல எங்க அக்கா வீடு. அத்தான் வருஷா வருஷம் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போறவரு, இந்தத் தடவ நீயும் வாடான்னு சொல்லிட்டாரு. நான் துப்பாக்கியத் தொடப் போறதில்ல, பைனாகுலர் புடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காரப் போறேன், அவ்ளோதான். ஆனா விடியறதுக்கு முன்னாடியே போயி ஒரு சின்னக் கூடாரத்துல நாலஞ்சு மணி நேரம் அசையாம உக்காரணுமாம், மைனஸ் 20க்குக் கீழயும் போகுமாம்.

மூணு வருஷம் முன்னாடி போனப்ப இங்க சிங்கப்பூர்ல ஒரு மால்ல லெதர்னு நம்பி ஒரு கிளவுஸ் வாங்கிட்டுப் போனேன். கார்லேருந்து வீட்டு வாசலுக்குப் போறதுக்குள்ள விரல் நுனியெல்லாம் மரத்துப் போயி ஜாக்கெட் ஜிப்ப என்னால புடிக்கவே முடியல, அக்காதான் சின்னப் புள்ளைக்குக் கழட்டி விடுற மாதிரி கழட்டி விட்டாங்க. போன வாரம் அதே கிளவுஸ பாம் ஷெல்டர்லேருந்து (வீட்டுக்குள்ள இருக்குற ஜன்னல் இல்லாத பாதுகாப்பு அறை) எடுத்துப் பாத்தா மேல்தோல் செதில் செதிலா உரிஞ்சு கை முழுக்க கருப்பா ஒட்டுது.

இந்தத் தடவ நல்ல லெதர் மிட்டனா (கட்டைவிரல் மட்டும் தனியா, மத்த நாலு விரலும் ஒண்ணா இருக்குற கையுறை) ரெண்டு ஜோடி வாங்கணும், எனக்கு ஒண்ணு, அத்தானுக்குப் பரிசா ஒண்ணு. ஜோடிக்கு 150 வெள்ளி வரைக்கும் ஓகே. எந்தத் தோல், என்ன சைஸ், சுடுறவருக்கு மிட்டன் போட்டா விரல் எப்படி, அப்புறம் இங்க கொண்டுவந்து வெச்சா மறுபடியும் இப்படி ஆகாம இருக்க என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோல்டுரூம் முருகு:
தம்பி, நான் 14 வருஷமா ஜூரோங் பக்கம் கோல்டு ஸ்டோர்ல வேல பாக்குறேன், மைனஸ் 22ல மீன் பெட்டி தூக்குற வேல. உனக்கு உரிஞ்சது லெதர் இல்லப்பா, பியு. துணி மேல பிளாஸ்டிக் பூசினது. நம்ம ஊரு ஈரக்காத்துல அந்தப் பூச்சு தானா உடையும், நீ போட்டாலும் போடாட்டியும். அடுத்து வாங்கும்போது வெட்டின ஓரத்தப் பாரு, நாரு நாரா தெரிஞ்சா தோல், மெல்லிசா ஒரு படலமும் அடியில நெய்த துணியும் தெரிஞ்சா விட்டுட்டு வந்துடு.

கிளவுஸ விட மிட்டன்தான் சூடு, அதுல சந்தேகமே வேணாம். நாலு விரலும் ஒரே அறையில இருந்தா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்குப் போகும், தனித்தனியா பிரிச்சிட்டா ஒவ்வொரு விரலும் சுத்திலும் சூட்ட விட்டுக்கிட்டே இருக்கும். தோல்ல என் ஓட்டு மான் தோலுக்கு. நனைஞ்சு காஞ்சாலும் மெத்துன்னு இருக்கும். மாட்டுத் தோல் உழைக்கும், ஆனா நனைஞ்சு காஞ்சா விறைச்சிடும். ஆட்டுத் தோல் மெல்லிசா இருந்தாலும் சீக்கிரம் கிழியாது. பன்னித் தோலும் நல்ல தோல்தான், காத்து போகும், பரிசா குடுக்குறதுன்னா மட்டும் யாருக்குன்னு பாத்துக்க.

எல்லாத்தையும் விட முக்கியம், உள்ள இருக்குற கம்பளி லைனர் தனியா கழட்டி எடுக்கிற மாதிரி இருக்கணும். இத மட்டும் விட்டுக் குடுக்காத. ஈரம் பெரும்பாலும் உள்ளேருந்துதான் வரும், உன் கை வேர்வை. தைச்ச லைனரா இருந்தா ராத்திரிக்குள்ள காயாது, மறுநாள் அதே ஈரத்துல கைய விடணும். கழட்டுற லைனர்னா ரெண்டு செட் வெச்சிக்கிட்டு மாத்திக்கலாம். காட்டன் வேணாம், நனைஞ்சா குளிரத்தான் செய்யும், கம்பளி லேசா ஈரமானாலும் சூடு குடுக்கும்.

சைஸ் கொஞ்சம் பெருசாவே எடு. லைனரோட போட்டு கைய மடக்கிப் பாரு, விரல் முட்டி மேல தோல் இழுத்துப் புடிச்சா அது உனக்கு ஆகாது, இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலன்னா எந்தத் தோலும் காப்பாத்தாது.

காய வைக்கிறதப் பத்தி என் கதைய கேளு. முதல் வருஷம் மாட்டுத் தோல் மிட்டன் ஒண்ணு நல்லா நனைஞ்சிடுச்சு, வெளிய மெஷின் பக்கத்துல சூடா ஒரு பைப் ஓடும், அது மேல போட்டுட்டு சாப்பிடப் போனேன். வந்து எடுத்தா பொரிச்ச அப்பளம் மாதிரி, ரெண்டு விரல் அளவு சுருங்கி, மடக்கினா நெறுக்னு வெடிக்குது. ஈரத் தோல் சூடு பட்டா அந்த நாரெல்லாம் சுருங்கிக்கும், அப்புறம் என்ன எண்ணெய் போட்டாலும் பழையபடி வராது. அக்கா வீட்டுல ஹீட்டர் மேல, அடுப்பு பக்கத்துல வெச்சிடாத. லைனர உருவிட்டு தோல சும்மா ரூம்ல தொங்க விடு, பாதி காஞ்சதும் கையில போட்டு அஞ்சாறு தடவ மடக்கி நீட்டு.

வின்னிபெக் மலர்:
முருகு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் 9 வருஷம் வின்னிபெக்ல இருந்துட்டு இப்ப ஈசூன்ல இருக்கேன், என் வீட்டுக்காரரும் அங்க வேட்டைக்குப் போனவரு. அதனால சுடுற விஷயத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். தடிச்ச மிட்டனோட விரல ட்ரிகர் கார்டுக்குள்ள (துப்பாக்கி விசைய சுத்தி இருக்குற வளையம்) விடவே கூடாது. ட்ரிகர் எங்க இருக்குன்னே விரலுக்குத் தெரியாது, தானா அழுத்திடும். என்எஸ் (தேசிய சேவை) போனவங்களுக்கு இது நல்லாப் புரியும். அத்தானுக்கு வாங்குறதுன்னா உள்ளங்கைப் பக்கம் ஒரு வெட்டு இருக்கும், அது வழியா விரல வெளிய எடுக்கிற மாதிரி பாருங்க, இல்லன்னா மெல்லிசான மெரினோ கம்பளி கிளவுஸ் ஒண்ணு உள்ள போட்டுக்கிட்டு, மான் வந்ததும் மிட்டன மட்டும் உருவிடலாம். உருவினது கீழ விழாம கயிறு கட்டி கழுத்துலயோ மணிக்கட்டுலயோ மாட்டிக்கச் சொல்லுங்க, பனியில விழுந்துச்சுன்னா உள்ள பூராவும் பனி ஏறிடும்.

வேட்டைக்காரங்க தோல விரும்புறதுக்கு இன்னொரு காரணம், சத்தம் இல்ல. நைலான் மிட்டன் அந்தக் குளிர்ல விறைச்சுப் போயி லேசா அசைஞ்சாலே சரசரன்னு கேக்கும். அப்புறம் வாசன. மானுக்கு மோப்பம் ரொம்ப ஜாஸ்தி, சென்ட் வாசனையோட வர்ற லெதர் கிரீம வேட்டைக்குப் போற மிட்டன்ல தடவாதீங்க.

ரவி, நீங்க நடந்து போகும்போது மிட்டன் போடாதீங்க, மெல்லிசு கிளவுஸ் போதும். நடக்கும்போது கை வேர்க்கும், அந்த வேர்வைதான் ஒரு மணி நேரம் கழிச்சு உக்காந்திருக்கும்போது கடிக்கும். மிட்டன ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சிக்கிட்டுப் போயி உக்காந்த பிறகு போடுங்க. ஹேண்ட் வார்மர் பாக்கெட்டுக்கு காத்து வேணும், உள்ள இருக்குற இரும்புத் தூள் காத்து பட்டாதான் சூடாகும், அதனால முன்னாடியே பிரிச்சு வெளிய நல்லா சூடாக விட்டுட்டு அப்புறம் உள்ள வைங்க. காத்தோட சேந்து மைனஸ் 28ன்னு சொன்னாங்கன்னா வெறுந்தோல் 10லேருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம், போட்டோ எடுக்குறேன்னு கைய வெளிய நீட்டிக்கிட்டே இருக்காதீங்க தம்பி, உங்க அக்கா பாவம்.

செங்காங் ரவி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி, யாருமே இப்படி விலாவாரியா சொன்னதில்ல. மான் தோல், கழட்டுற லைனர், முடிவு பண்ணிட்டேன். தேன்மெழுகு தடவணும்னு அத்தான் சொல்றாரு, அது எப்ப, எவ்ளோ? இங்க வந்தப்புறம் மறுபடியும் பாம் ஷெல்டர்லதான் வைக்கணும், வேற இடமே இல்ல.

பாத்தோக் தோல்பை:
நான் வீட்டுலயே தோல் பை தைக்கிறேன், அதனால இந்த பாம் ஷெல்டர் விஷயத்துக்கு மட்டும் வர்றேன். நம்ம காத்துல ஈரம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல, ஜன்னல் இல்லாத அறையில ஷூ பெட்டியில போட்டு வெச்சா எவ்ளோ நல்ல மான் தோலா இருந்தாலும் பூஞ்சணம் பூக்கும். நான் ஒரு தப்பு பண்ணேன், தண்ணிய உறிஞ்சுற டப்பா விப்பாங்க இல்ல, அத அலமாரியில தோலுக்கு மேல் தட்டுல வெச்சேன், சாஞ்சு அந்தத் தண்ணி ஒரு பையில ஒழுகிடுச்சு. அது வெறும் தண்ணி இல்ல, கால்சியம் குளோரைடு கரைசல். பட்ட இடம் சுருங்கி கல்லு மாதிரி ஆயிடுச்சு, அத வெட்டித்தான் எறிஞ்சேன். அதனால சிலிகா ஜெல்தான் நல்லது. கேமரா வெச்சிருக்கிறவங்க யாராச்சும் தெரிஞ்சா அவங்க டிரை கேபினட்ல (ஈரத்தக் குறைச்சு வைக்கிற அலமாரி) ஒரு ஓரம் கேளுங்க, ஈரம் 45 – 50 சதவீதத்துல ஓடுச்சுன்னா தோலுக்கு அருமையான இடம். பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காதீங்க, பழைய தலையணை உறை போதும். மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து ஃபேன் காத்துல அரை நாள் போடுங்க. லைனர தனியா துவைச்சு காய வெச்சு தனியா வைங்க, வேர்வை உப்போட உள்ள விட்டா பூஞ்சணம் அங்கேருந்துதான் ஆரம்பிக்கும்.

மெழுகு போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தடவுங்க. தோல கொஞ்சம் வெதுவெதுன்னு ஆக்கிட்டு, மெழுக விரல்லயே எடுத்து, தையல் ஓரத்துலயும் கட்டைவிரல் இடுக்குலயும் முதல்ல, அங்கதான் தண்ணி புகும். மெல்லிசா ஒரு கோட், மறுநாள் பாத்துட்டு தேவைன்னா இன்னொண்ணு. அப்பிட்டீங்கன்னா தோல் மூச்சு விடாது, உள்ள வேர்வை தங்கிடும். நிறம் கொஞ்சம் கருக்கும், பயப்படாதீங்க. ஸ்வேட் (suede) தோல் மாதிரி மயிர் மயிரா இருக்குற பக்கத்துல மெழுகு வேணாம், படிஞ்சு போயிடும்.

ஈசூன் செல்வா:
ஒரே ஒரு விஷயம் ரவி. திரும்பி வரும்போது மிட்டன், ஜாக்கெட் பாக்கெட் எல்லாத்தையும் தலைகீழா உதறிட்டு வாங்க. ஞாபகமா இருக்கட்டும்னு சுட்டு முடிச்ச காலி தோட்டாவ போட்டுக்கிட்டு வந்துடாதீங்க, அனுமதி இல்லாம சாங்கி ஏர்போர்ட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது, காலியா இருந்தாலும் பிரச்சினதான்.

செங்காங் ரவி:
செல்வா, இத நான் யோசிக்கவே இல்ல, நன்றி. நேத்து முஸ்தபா பக்கம் போயி ரெண்டு மூணு கடையில பாத்தேன், ஓரத்தப் பாத்ததுமே ரெண்ட வெச்சிட்டேன், படலமும் துணியும்தான். ஒரு ஜோடி ஆட்டுத் தோல், லைனரோட போட்டு மடக்கிப் பாத்தேன், மத்த விரலெல்லாம் தாராளமா இருக்கு ஆனா கட்டைவிரல் நுனி தையல்ல முட்டுது, அதனால அதையும் வாங்கல. மான் தோல அங்கயே வாங்கிக்கலாம்னு அக்கா சொல்றாங்க. அத்தானுக்குத் தெரியாம, அவரு தூங்கும்போது கைய பேப்பர்ல வரைஞ்சு போட்டோ அனுப்பியிருக்காங்க, உள்ளங்கை சுத்தளவு 23 செ.மீ. முருகு அண்ணே, லைனரோட சேத்து இதுக்கு லார்ஜ் போதுமா, எக்ஸ்எல் போகணுமா?

கோல்டுரூம் முருகு:
எக்ஸ்எல் எடு தம்பி.