ஃபால்ட்: பிளவா, பெயர்வா?

நிலவியலில் வரும் ஃபால்ட் (fault) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘பிளவு’ என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடலாம் என்பது என் கருத்து. பாறையில் விரிசல் விழுந்தால் மட்டும் அது ஃபால்ட் ஆகிவிடாது. விரிசலின் இருபுறப் பாறைகளும் உரசிக்கொண்டு இடம் மாறியிருக்க வேண்டும். இடம் மாறாத விரிசலை நிலவியலாளர்கள் ஜாயின்ட் என்று தனியே வைக்கிறார்கள். ‘பிளவு’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. போதாததற்கு அணுக்கருப் பிளவு, பிளவுப் பள்ளத்தாக்கு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

2001 பூஜ் நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கிய ஃபால்ட் தரைமட்டத்தை எட்டவே இல்லை. மேலே தெரிந்த வெடிப்புகள் பெரும்பாலும் மண் குலுங்கியதால் வந்தவை. 1906 நிலநடுக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒரு சாலை சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் விலகிப்போனது. அங்கேயும் கதை நகர்வைப் பற்றியதுதான். அந்தச் சாலையை விலக்கிய சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்டின் நடுப்பகுதியோ பெரிய நடுக்கம் எதுவுமில்லாமல் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது பெயர்தல்.

‘குறை’ என்று நேராகச் சொல்வோரும் உண்டு. அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நிலக்கரி அடுக்கைத் தொடர்ந்து வெட்டிப் போகிறவருக்கு அடுக்கு சட்டென்று அறுந்து எதிரே வேறு பாறை நின்றால் அது குறைதான். ஆங்கிலச் சொல் அந்தச் சுரங்க வழக்கில் வளர்ந்தது. ஆனால் நிலத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதில் குறையும் இல்லை, குற்றமும் இல்லை.

ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக எல்லாத் துறைக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேட வேண்டாம். மின்சுற்றில் ‘பழுது’ போதும். டென்னிசில் சர்வீஸ் கட்டத்துக்கு வெளியே விழுந்தால் ‘தவறு’. கணினியில் வரும் பேஜ் ஃபால்ட்டுக்குப் ‘பிழை’ என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை. நிரல் கேட்ட பக்கம் அப்போது முதன்மை நினைவகத்தில் இல்லை, அவ்வளவுதான். இயங்குதளம் அதை வட்டிலிருந்து கொண்டுவந்து வேலையைத் தொடர்கிறது. ‘பக்க இன்மை’ என்றால் நடப்பது அப்படியே விளங்கும்.

சரி, நிலவியலுக்கு வருவோம். ‘பாறைப்பெயர்வு’, சுருக்கமாகப் ‘பெயர்வு’ என்று வைக்கலாம். புலம்பெயர்வு பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. பெயர்வுத்தளம் (பாறைகள் உரசி நகரும் பரப்பு), பெயர்வுக்கோடு (அது தரையில் தெரியும் கோடு) என்று கிளைச்சொற்கள் தாமே வருகின்றன. தரையை எட்டாதது மறைபெயர்வு. ஜாயின்ட்டுக்கு ‘விரிசல்’ போதும்.

வகைகளில்தான் இதன் பலம் தெரிகிறது. சாய்ந்த பெயர்வுத்தளத்துக்கு மேலே இருக்கும் பாறைப் பாளம் கீழிறங்கினால் ஆங்கிலத்தில் ‘நார்மல்’, மேலேறினால் ‘ரிவர்ஸ்’. இயல்பு, எதிர் என்று அவற்றைப் பெயர்த்தால் படிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இறங்குபெயர்வு, ஏறுபெயர்வு, பக்கப்பெயர்வு என்றால் பாளம் போன திசை பெயரிலேயே இருக்கிறது. முதலிரண்டும் வினைத்தொகையாகவும் அமைந்துவிடுகின்றன.

ஒன்றுதான் மீதி. ஏறுபெயர்விலேயே தளத்தின் சாய்வு மிகக் குறைந்து, ஒரு பாளம் இன்னொன்றின் மேல் வெகுதூரம் ஏறிப் படர்வது உண்டு; ஆங்கிலத்தில் ‘த்ரஸ்ட்’. இமயமலையின் அடியில் இருப்பது இந்த வகை. இதற்கு ‘உந்துபெயர்வு’ என்பதா, ‘படர்பெயர்வு’ என்பதா? எனக்குப் பின்னதுதான் பிடித்திருக்கிறது. நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.