விடியற்காலையில் நீர்நாய்: படமெல்லாம் கலங்கலாக வருகிறது, உதவுங்கள்

காலாங்கரை:
சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு மூன்று வாரமாகக் காலை ஆறே முக்காலுக்கே போய்விடுகிறேன். நீர்நாய்க் குடும்பம் வருகிறது, ஆனால் ஒரு படமும் தெளிவாக இல்லை. லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி புள்ளியாகிவிடுமே என்று பயம். ஃபிளாஷ் வாங்கலாமா?

ஈரமண்:
1/60-இல் அது தலையைத் திருப்பினாலே போச்சுங்க. 1/500 வையுங்கள், அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 6400 ஆகும், ஆகட்டும். புள்ளியை மென்பொருளில் குறைக்கலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வெளிச்சம் கூட்டினால் புள்ளி இன்னும் மோசமாகும். ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுங்கள்.

சிக்லாப் அக்கா:
ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம் தம்பி. எங்கள் பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு மரநாய் குட்டியோடு நடந்தது, யாரோ ஃபிளாஷ் அடித்தார்கள், தாய் அப்படியே உறைந்து நின்றது, குட்டி தகரத்தில் சறுக்கியது. இன்னும் மனசு ஆறவில்லை. இருட்டில் திறந்திருக்கும் கண் அது. பழக வேண்டுமென்றால் புக்கிட் தீமா காட்டில் பகலில் மரத்தோடு ஒட்டித் தூங்கும் கொலுகோவை (மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் விலங்கு) எடுங்கள், அசையாது, நிழலில்கூட 1/60 போதும், ஒற்றைக்கால் ஸ்டாண்ட் இருந்தால் இன்னும் நல்லது.

காலாங்கரை:
இன்று 1/500 வைத்துப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது, ஆனால் மீசை நுனியில் தொங்கும் நீர்த்துளிகூடத் தெரிகிறது! நன்றி அக்கா, ஃபிளாஷ் வாங்கவில்லை.